குரலைத் தாழ்த்த வேண்டாம்

குற்றாலத்தில் சாரல் காலம். ஐந்தருவியில் குளித்து, ஈரத்துண்டோடு நின்ற நண்பர், சற்றுத் தள்ளித் தலை துவட்டிக்கொண்டிருந்த மகனைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"ஐ.டி.ஐ.யில் பிட்டர் படிக்கிறான், சார். என்ன செய்வது, மார்க் இல்லை!"

ஏதோ துக்கச் செய்தி சொல்வது போல் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

பிட்டர் படிப்பு இரண்டு வருஷம். வைஸில் இரும்பைக் கவ்வ வைத்துத் தோள் நோக ராவ வேண்டும். மூலைமட்டத்தை வைத்தால் இடுக்கில் வெளிச்சம் கசியக் கூடாது. வெர்னியரில் ஒரு மில்லிமீட்டரை 50 பங்காக்கி அளக்க வேண்டும். இரும்பிடம் சிபாரிசு செல்லாது. நாம் தென்காசியில் வந்து இறங்கிய ரயில், இப்படி அளக்கும் கைகளை நம்பித்தான் ஓடுகிறது.

1950-இல் மத்திய அரசு இந்தப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1961-இல் அப்ரண்டீஸ் சட்டம் வந்தது. மரியாதை மட்டும் இன்னும் வரவில்லை. ஆயுத பூஜையன்று அரத்துக்குச் சந்தனம் பூசுகிறோம். அதைப் பிடிப்பவனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறோம்!

முதலாளிகளும் உத்தமர்களல்லர். 30 பேருக்குக் குறையாத நிறுவனம் அப்ரண்டீஸ்களைச் சேர்த்தே ஆகவேண்டும் என்கிறது 2019-ஆம் வருஷத்து விதி. சேர்த்தபின், பையனிடம் யந்திரத்தைக் கொடுக்காமல் துடைப்பத்தைக் கொடுத்தால், அதற்குப் பயிற்சி என்றா பெயர்?

பையனை அழைத்து உள்ளங்கையைப் பார்த்தேன். காய்த்திருந்தது.

"ஐயா, இனிமேல் இவனைப் பற்றி உரக்கவே சொல்லுங்கள்," என்றேன்.