ஏழு நாள் தண்ணீர்

கப்பல் கம்பெனிகள் அச்சிட்டு அனுப்பும் வர்ணப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்துக்குப் பக்கம் கோட்டையும் கோபுரமும் கடற்கரையுமாகக் கண்ணைப் பறிக்கும். நடுவே உள்ள தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு வரி இராது. மகா சமுத்திரத்தைத் தாண்டும் யாத்திரையிலோ, காசு கொடுத்து வாங்குவதில் பாதிக்கு மேல் அந்தத் தண்ணீர்தான். ஆகையால் இம்மாதிரிப் பிரயாணத்துக்குப் புறப்பட நினைக்கும் நேயர்கள், எந்தெந்தத் துறைமுகம் என்று கேட்பதற்கு முன்னால், தரையே தென்படாமல் ஏழு நாள் இருக்க நேர்ந்தால் நம் குடும்பம் என்ன செய்யும் என்று கேட்டுக்கொள்வது நலம்.

நாம் சென்ற வழியை முதலில் சொல்லிவிடுகிறோம். குளிர்காலம் முழுவதும் கரிபியன் கடலில் உல்லாசப் பிரயாணிகளைச் சுமக்கும் கப்பல்கள், ஏப்ரல், மே மாதங்களில் அட்லாண்டிக்கைக் கடந்து மத்தியதரைக் கடலுக்கு இடம் மாறுகின்றன. ஐப்பசி கார்த்திகையில் திரும்புகின்றன. எப்படியும் போயாக வேண்டிய கப்பல் காலியாகப் போவானேன் என்று அந்தச் சமயம் கட்டணத்தைக் குறைத்து விற்கிறார்கள். பரீட்சைத் தாள் திருத்தும் வேலை முடிந்து பள்ளிக்கூடம் மூடும் காலமும் அதுவே என்பது எங்கள் வர்க்கத்தாருக்கு ஒரு சிறு பாக்கியம். ப்ளோரிடாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குச் சென்றிருந்த நாமும் நம் மனைவியும், போர்ட் எவர்கிளேட்ஸ் துறைமுகத்தில் ஏறி, போர்த்துக்கலுக்குச் சொந்தமான அஸோர்ஸ் தீவுகளில் பொண்டா டெல்காடா, பிறகு ஸ்பெயினில் காடிஸ், மலாகா வழியாக, பார்ஸலோனாவில் இறங்கினோம். பதினான்கு இரவு. அவற்றுள் பத்துப் பகல் கடலிலேயே கழிந்தது. ப்ளோரிடாவுக்கும் பொண்டா டெல்காடாவுக்கும் இடையே ஏறக்குறைய 2,800 கடல் மைல். கடல் மைல் ஒன்றுக்கு 1,852 மீட்டர்.

காகித விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். அமெரிக்காவில் ஏறி ஐரோப்பாவில் இறங்குகிறவருக்கு இரண்டு விசாவும் கையில் இருந்தாக வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவை உறவினர் வீட்டில் இருந்துகொண்டு வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அதை நம் ஊரிலிருந்து புறப்படும்போதே வாங்கிவிட வேண்டும். பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுச் செய்யலாம். அந்த விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ வைத்தியச் செலவு தாங்கும் இன்ஷ்யூரன்ஸும் கேட்பார்கள். பனாமாவையோ பிரேஸிலையோ தொட்டுவரும் கப்பலானால், திரும்பி வரும்போது நம் நாட்டு அதிகாரிகள் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குரிய சான்றுச் சீட்டைக் காட்டச் சொல்வார்கள். அந்த நாட்டுக்குள் போவதற்குப் பத்து நாள் முன்னதாகவே ஊசி போட்டிருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு முதல் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

அறை எடுப்பதில் பலருக்குத் தலைகீழான ஆசை உண்டு. மேல்தளத்தில், முன்பக்கத்தில், பலகணி வைத்த அறைதான் உசத்தி என்று பணத்தைக் கொட்டுகிறார்கள். கடல் பொங்கும்போது அதிகம் ஆடுவதும் அந்த இடந்தான். ஊஞ்சல் பலகையை விடச் சங்கிலியின் மேல்முனை குறைவாக ஆடுவது போல, கப்பலிலும் நடுவில், கீழ்த்தளத்தில் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவு. பக்கவாட்டில் புரள்வதைத் தணிக்க நீருக்கடியில் மீன்செதில் போன்ற இறக்கைகளை நீட்டுகிறார்கள். மூக்கு ஏறி இறங்குவதற்கு அவை அதிகம் உதவுவதில்லை. தலை சுற்ற ஆரம்பித்தால் படுக்கையில் சுருண்டு புத்தகத்தை எடுக்காமல், மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது நல்லது. வாந்திக்கான மாத்திரையைக் குமட்டல் வருவதற்கு முன் போட வேண்டும். நம் மனைவி சுக்கும் எலுமிச்சங்காய் ஊறுகாயுமாகச் சமாளித்தார். வைத்திய சாஸ்திரம் இஞ்சியை ஒப்புகிறது; ஊறுகாயைப் பற்றி அதன் அபிப்பிராயம் யாதோ, அறியோம்.

சாப்பாட்டைக் குறித்துச் சைவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். 1888-ல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் படிக்கச் சென்ற காந்தியடிகள், எது மாமிசம் எது அன்று என்று பரிசாரகனைக் கேட்கக் கூச்சப்பட்டு, கொண்டுபோன பட்சணத்தையும் பழத்தையும் அறையிலேயே உண்டு காலம் தள்ளினாராம். இக்காலத்தில் அந்தக் கூச்சம் அனாவசியம். டிக்கெட் வாங்கும்போதே இந்திய சைவ ஆகாரம் என்று எழுதிக் கொடுத்துவிடவும். ஏறிய அன்றே சாப்பாட்டுக் கூடத்துத் தலைமைப் பரிசாரகரைக் கண்டு பேசினால், மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வோர் இரவும் அவரே கேட்பார். அவர்கள் அகராதியில் சைவம் என்றால் முட்டை சேர்ந்தது. காய்கறி சூப் என்பதிலும் மாமிச ரசம் கலந்திருக்கக்கூடும். இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுடவைக்கும் கம்பி, சோறாக்கும் மின்சாரப் பானை எதையும் கொண்டுபோக வேண்டாம். தீப்பயத்தால் ஏறும்போதே பறிமுதல் செய்து, இறங்கும்போதுதான் கொடுப்பார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதை மட்டும் மறக்கலாகாது. கப்பலில் பரவும் நோரோவைரஸ் என்ற பேதி, வாசலில் வைத்திருக்கும் சாராயக் களிம்புக்கு எளிதில் மசிவதில்லை.

இனித் தண்ணீருக்கு வருவோம். முதல் இரண்டு நாள் வளைகுடா நீரோட்டத்தின் வெதுவெதுப்பான கருநீலம். பிறகு ஸர்காஸோ என்னும் கடற்பகுதி. உலகத்திலுள்ள கடல்களுள் கரையே இல்லாத கடல் அது ஒன்றுதான். நான்கு பக்கமும் நீரோட்டங்களே அதற்கு எல்லை. அறுத்துப் போட்ட வைக்கோல் போல மஞ்சள் நிறப் பாசி, காற்றடிக்கும் திசையில் வரிசை வரிசையாக மிதந்து வருகிறது. 1492-ல் கொலம்பஸின் மாலுமிகள் இதைக் கண்டு கரை சமீபித்துவிட்டதென்று ஏமாந்தார்கள். பறக்கும் மீன்கள் கைப்பிடி அளவு வெள்ளிக் காசுகளை வீசியது போல எழுந்து விழுகின்றன. அதற்கப்பால் ஒன்றுமில்லை. முப்பது மீட்டர் உயரத் தளத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. ஆகவே எவ்வளவு பெரிய சமுத்திரமானாலும், நம் கண்ணுக்குக் கிடைப்பது 40 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு தாம்பாளந்தான். எவ்வளவு தூரம் போனாலும் அந்தத் தாம்பாளத்தின் நடுவிலேயே நிற்கிறோம். மூன்றாம் நாள் இது சிலருக்குப் பரமானந்தமாகவும், சிலருக்குச் சிறைவாசமாகவும் தோன்றுவதைக் கண்டோம். இரண்டாவது ரகத்தார் சூதாட்டக் கூடத்திலும் மதுபானச் சாலையிலும் அடைக்கலம் புகுகிறார்கள். கடைசி நாள் கணக்குச் சீட்டில் அதன் பலன் தெரியும்.

கையில் ஒரு காரியத்தோடு கப்பலேற வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பிய காந்தியடிகள், 'கில்டோனன் காஸில்' கப்பலில் பத்து நாளில் 'ஹிந்த் ஸ்வராஜ்' முழுவதையும் குஜராத்தியில் எழுதி முடித்தார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். அவ்வளவு பெரிய காரியம் நமக்கு வேண்டாம். நம் மனைவி பேரனுக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னினார். நாம் இருபது வருஷமாகத் தள்ளிப் போட்டு வந்த ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தோம். செல்போனை விமான நிலையில் வைத்துவிட வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால் அது தானாகவே கப்பலின் வானொலி வலையைப் பிடித்துக்கொண்டு, நிமிஷத்துக்கு நிமிஷம் கட்டணம் ஏற்றிவிடும்.

கிழக்கு நோக்கிப் போகிறவர்களுக்கு இன்னொரு விசித்திரம் காத்திருக்கிறது. ப்ளோரிடாவுக்கும் பார்ஸலோனாவுக்கும் ஆறு மணி வித்தியாசம். அந்த ஆறையும் வழியில் ஒவ்வொன்றாகப் பறிகொடுக்க வேண்டும். நாம் சென்ற கப்பலில் நண்பகல் 12 அடித்ததும் முள்ளை 1-க்குத் தள்ளினார்கள். பசி வருமுன் சாப்பாடு வந்தது. மேற்கு நோக்கிப் போகிறவர்களுக்கு இதே ஆறு மணி லாபம். பூமியையே சுற்றிவிட்டால் லாப நஷ்டம் முழு நாளாகிவிடும். 1522-ல் மகெல்லன் கூட்டத்தில் மிஞ்சியவர்கள் மேற்கு வழியாக உலகைச் சுற்றிக் கேப் வெர்டே தீவுக்கு வந்தபோது, தங்கள் நாட்குறிப்பில் புதன்கிழமையாயிருக்க, கரையில் வியாழக்கிழமை நடப்பது கண்டு திகைத்தார்கள். நம்மவர்க்கு இது வேடிக்கை மட்டுமன்று. நீரிழிவுக்கு இன்ஸுலின் போட்டுக்கொள்பவர்கள், 23 மணி நாட்கள் ஆறு வரும்போது வேளையை எப்படி மாற்றுவதென்று புறப்படுமுன்பே வைத்தியரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்தெல்லாம் கைப்பையில், ஒரு வாரத்துக்கு அதிகமாகவே.

வயதான தாய் தந்தையரை அழைத்துப் போகலாமா என்று கேட்கும் அன்பர்கள் பலர். நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். நான்காம் நாள் இரவு, எழுபது வயதுக்கு மேற்பட்ட பிரயாணி ஒருவருக்கு வயிற்றில் இரத்தப் போக்கு ஏற்பட்டது. கப்பலில் வைத்தியர் உண்டு, தாதியர் உண்டு, ஆறு கட்டில் உள்ள ஆஸ்பத்திரியும் உண்டு. அறுவைச் சிகிச்சை செய்ய வசதி இல்லை. இன்ன ரத்த வகை உள்ளவர்கள் வரவேண்டும் என்று கேப்டன் ஒலிபெருக்கியில் அழைத்தார். அடுத்த கால் மணிக்குள் படிக்கட்டில் வரிசை நின்றது. கப்பலை வேகமாகவே ஓட்டினார்கள். எனினும் ஏழாம் நாள் பிற்பகலில்தான், அஸோர்ஸிலிருந்து போர்த்துக்கல் விமானப் படையின் ஹெலிகாப்டர் வந்து எட்டக்கூடிய தூரத்தை அடைந்தோம். தளத்திலிருந்து எல்லாரையும் அப்புறப்படுத்தினார்கள். தொட்டிலில் கட்டி அவரை மேலே தூக்கிப் போனது. அதில் மனைவிக்கு இடமில்லை. இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கீழ்க் கூடத்து நாற்காலியில் அந்த அம்மாள் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நம் மனைவி. இருவருக்கும் பொதுவான பாஷை அதிகம் இல்லை. காலையில் பொண்டா டெல்காடாவில் முதலில் இறக்கப்பட்டவர் அவர்தான்.

ஆகையால் நம் யோசனை இது: சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அடங்கி நடப்பவர்களாயின், எண்பது வயதுப் பெற்றோரையும் தாராளமாக அழைத்துப் போகலாம், நாற்காலி வண்டி ஏறி இறங்க வசதிகள் நம் ரயில்வே ஸ்டேஷன்களை விட நேர்த்தியாகவே இருக்கின்றன. அண்மையில் இருதய நோய் கண்டவர்களையும், அடிக்கடி ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பவர்களையும், தினம் துறைமுகம் தொடும் குறுகிய பிரயாணத்துக்கு அழைத்துப் போங்கள். சமுத்திரம் தாண்ட வேண்டாம். கர்ப்பிணிகளை இருபத்துநாலாவது வாரத்துக்கு மேல் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்பதில்லை. இன்ஷ்யூரன்ஸ் சீட்டில், நோயாளியைக் கப்பலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லும் செலவு அடங்கியிருக்கிறதா என்று அந்த ஒரு வரியையாவது படித்துவிடுங்கள்.

ஏறிய அன்று நடக்கும் அபாயகாலப் பயிற்சியைச் சிலர் தொந்தரவாக நினைத்து அறையில் ஒளிந்துகொள்கிறார்கள். ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால், எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதைக் கால்களுக்குப் பழக்குவதுதான் அது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் மாண்டார்கள். அந்த விபத்துக்குப் பிறகே, கப்பல் நகருமுன் அல்லது நகர்ந்தவுடன் பயிற்சி நடந்தாக வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது.

நாம் சென்ற கப்பல் அமெரிக்கக் கம்பெனியுடையது, கேப்டன் இத்தாலியர், பின்புறம் பறந்தது பஹாமாஸ் கொடி. வரியும் சட்டமும் எங்கே அனுகூலமோ அங்கே பதிவு செய்கிறார்கள். அடித்தளத்தில் உழைப்பவர்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, இந்தியா. ஒரு நாள் சலவைத் துணியைக் கொணர்ந்த இளைஞன், நாம் பேசுவதைக் கேட்டு, "சார், தமிழா?" என்றான். தூத்துக்குடிப் பக்கம். ஒன்பது மாத ஒப்பந்தம். வாரத்துக்கு ஏழு நாளும் வேலை. "கடல் எப்படி சார் இருக்கு?" என்று கேட்டான். வேடிக்கை இல்லை, சலவைச் சாலை நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், அவன் பகலில் கடலைப் பார்த்து எட்டு நாளாயிற்று. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்ட ஊர் அது. அவ்வூர்ப் பிள்ளைகள் இன்று எந்தக் கொடியின் கீழ் எல்லாம் துணி துவைக்கிறார்கள் என்பதை நினைக்க நமக்கு நெஞ்சு கனத்தது. அவனுக்கோ அப்படி ஒன்றும் இல்லை. தங்கையின் கல்லூரிச் சம்பளம் இந்த ஒப்பந்தத்தில் கட்டிவிடுவான் என்றான்.

தலைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 டாலர் வரை 'சேவைக் கட்டணம்' என்று கணக்கில் சேர்ப்பார்கள். அலுவலக மேஜையில் எழுதிக் கொடுத்து அதை நீக்கிவிடலாம் என்று நம்மவர் ஒருவர் ரகசியம் சொன்னார். சிப்பந்திகளின் வருமானத்தில் ஒரு பகுதி அது. நீக்குகிறவர் பிரயாணத்தையே நீக்கிக்கொள்ளலாம். தனியாகப் போகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கவும்: அறைக்கட்டணம் இருவர் கணக்கிலேயே போடப்படுவதால், ஒருவருக்கு ஏறக்குறைய இரண்டு டிக்கெட் விலை ஆகும்.

எட்டாம் நாள் கண்ட பொண்டா டெல்காடா, பச்சை என்றால் என்னவென்று மறந்துபோன கண்களுக்கு விருந்து. கருங்கல்லும் வெண்கல்லும் பதித்துக் கோலம் போட்டது போன்ற நடைபாதைகள். 1883 முதல் நடந்து வரும் கொர்ரேயானா தேயிலைத் தோட்டம். நீலகிரியை நினைவூட்டியதால் அங்கே ஒரு கோப்பைக்கு இரண்டு கோப்பையாகக் குடித்தோம். கரையில் கடிகாரம் ஒரு மணியும் கப்பலில் வேறு மணியும் இருக்கக்கூடும். கப்பல் மணியையே நம்பவும். தாமதமாக வருகிறவருக்காகக் கப்பல் காத்திராது. ப்ளோரிடாவில் வியர்த்துக் கொட்டிய நமக்கு, அங்கே ஸ்வெட்டர் வேண்டியிருந்தது.

பார்ஸலோனாவில் இறங்கிய பிறகும் தரை ஆடும். இதைக் கண்டு ரத்த அழுத்தமோ என்று பயந்து வைத்தியரிடம் ஓட வேண்டாம். இரண்டு வாரம் ஆட்டத்துக்கு ஈடு கொடுத்துப் பழகிய மூளை பழைய நிலைக்கு வரச் சிறிது அவகாசம் கேட்கிறது. பெரும்பாலோர்க்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். நமக்கு விடுதி அறையில் இரண்டாம் நாள் மாலை, காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நின்றது. நம் மனைவிக்கு மீனம்பாக்கம் வரை இருந்தது.