முன்பாதி மாறிய சொல்

"வலுவான ஒருவர் போதும், மன்றம் எதற்கு?" என்ற குரல் இன்று பல நாடுகளில் ஒலிக்கிறது. இதற்கு விடை ஸ்வீடன் மொழியிலே இருக்கிறது, தோழர்களே!

அங்கே 'என்வெல்டே' என்றொரு சொல். 'என்' என்றால் ஒன்று; 'வெல்டே' என்றால் ஆட்சி. ஒருவராட்சி! இந்த 'வெல்டே'யின் உடன்பிறப்பு 'வோல்ட்'. முன்னாளில் அதிகாரம் என்று பொருள் தந்த அச்சொல், இன்று வன்முறை என்றே பொருள் தருகிறது!

வரலாறும் அதுதான். 1680இல் பதினோராம் கார்ல் மன்னனிடம் மன்றமே அதிகாரத்தை ஒப்படைத்தது. பிரபுக்கள் வளைத்த நிலத்தை மீட்பான் என்று குடியானவரும் ஆதரித்தனர். மீட்கவும் செய்தான். ஆனால் 1693இல், மண்ணுலகில் எவருக்கும் மன்னன் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று சாசனம் பிறந்தது. விளைவு? 1697இல் 15 வயது மகன் கையிலே செங்கோல். 1700 முதல் போர், போர், போர்! 1709இல் பொல்டாவாவில் படை அழிந்தது. தடுக்க உரிமை பெற்றவர் எவருமில்லை. 1718இல் அவன் குண்டடிபட்டு மாண்ட பிறகே, 1719இல் மன்றம் அதிகாரத்தை மீட்டது.

மக்களாட்சிக்கு அம்மொழியில் 'ஃபோல்க்வெல்டே' என்று பெயர். பின்பாதி அதேதான், முன்பாதியில் ஒருவன் போய் மக்கள் வந்தனர். பெண்களும் வாக்களித்த முதல் மன்றத் தேர்தல் நடக்க 1921 ஆயிற்று!

நாம் சொல்வது இதுதான்: நல்லவனிடமே அதிகாரத்தைக் கொடுங்கள், கணக்குக் கேட்கும் உரிமையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்!