அசைவுக் கட்டுப்பாடு: எந்தக் கை, எந்தக் கருவி?

புனேயின் மாணவர் விடுதிகளில் பிஜிஎம்ஐ ஆடுவோரிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. கைபேசியைச் சாய்த்துக் குறிபார்ப்பது திறமையா, குறுக்குவழியா? ஜைரோ எனப்படும் சுழலுணரியை இயக்கி ஆடுவோர், அது இல்லாமல் ஆடுவோரைக் கற்றுக்குட்டிகள் என்கின்றனர். விரலை மட்டும் நம்புவோர், கருவி செய்யும் வேலைக்குப் பாராட்டு எதற்கு என்கின்றனர். இதே வழக்கு நம் கருத்தரங்குகளிலும் வேறு உடையில் உலவுகிறது. அசைவுக் கட்டுப்பாடு உடலை விளையாட்டுக்குள் மீட்டுத் தருகிறது என்பர் ஒரு சாரார்; வணிக வித்தை என்பர் மறுசாரார். எந்த உடல், எந்தக் கருவி என்று இவர்களில் எவரும் கேட்பதில்லை.

முதலில் ஏமாற்று என்னும் குற்றச்சாட்டு. தொடர்ந்து சுடும்போது துப்பாக்கி மேல்நோக்கி எழும். விரலால் ஆடுபவர் திரையைக் கீழ்நோக்கி இழுத்தபடியே இருக்க வேண்டும். ஜைரோவினர் கைபேசியைச் சிறிதளவு சாய்த்து அதைச் சமன்செய்கின்றனர். மணிக்கட்டின் அந்த நுண்ணசைவு பயிற்சியின்றிக் கைவராது. அதற்கான தெரிவும் விளையாட்டின் அமைப்புப் பட்டியலிலேயே இருக்கிறது. எல்லோருக்கும் திறந்துவைத்த கதவின் வழியாக நுழைந்தவரைத் திருடர் என்பது நியாயமன்று.

ஆனால் அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறதா? முடுக்கமானியும் சுழலுணரியும் ஒன்றல்ல. திரையைத் திருப்பினால் படமும் திரும்புவதற்கு முன்னது போதும். சுழற்சியைத் துல்லியமாக அளக்கப் பின்னது வேண்டும். விலை குறைந்த கைபேசிகள் பலவற்றில் சுழலுணரி இராது. அத்தகைய கைபேசி வைத்திருக்கும் மாணவரிடம் ‘பயிற்சி செய்’ என்று அறிவுரை கூறுவது, கிணறு இல்லாதவனிடம் நீச்சல் பழகச் சொல்வதற்கு ஒப்பானது. திறமையென மெச்சப்படுவதில் ஒரு பங்கு பணப்பைக்கு உரியது.

அசைவே படைப்பின் உயிர், அதை விருப்பத்துக்கு விட்டால் படைப்பு சிதைந்துவிடும் என்போருக்கு நின்டெண்டோவின் வரலாறே விடை. 2011இல் வீ கருவிக்கு வெளிவந்த ‘செல்டா: ஸ்கைவர்ட் சுவார்டு’ விளையாட்டில் கையை வீசும் திசையிலேயே வாள் வீசும், வேறு வழி கிடையாது. வாளையே ஏந்திய உணர்வு என்று சிலர் கொண்டாடினர். கருவி திசை தவறுகிறது, கை சோர்கிறது என்று சிலர் வெறுத்தனர். 2021இல் ஸ்விட்ச் கருவிக்கு அதைப் புதுப்பித்தபோது, வலப்புறக் குமிழைத் தள்ளியும் வாள் வீசலாம் என்னும் தெரிவு சேர்ந்தது. வாளை எந்தத் திசையில் வீசுவது என்னும் புதிர் அப்படியே நின்றது. பத்தாண்டுக் காலம் வெளியே நின்ற கைகளுக்கு வாயில் திறந்தது.

நடுங்கும் கை, ஒற்றைக் கை, நெடுநேரம் உயர்த்த இயலாத தோள் ஆகியவற்றை நினைத்தால், கட்டாய அசைவு எவரைத் தள்ளிவைக்கிறது என்பது புரியும். மறுபுறம், கட்டைவிரல் மூட்டு வலியுள்ள ஒருவருக்குச் சாய்ப்பதே எளிதாக இருக்கலாம். ஆகவே ஜைரோவைத் தடை செய்யக் கோருவதும் அதே தவறின் மறுபக்கம்தான்.

படைப்பாளிக்கு உரிமையில்லையா என்று கேட்கலாம். உண்டு. 2015இல் வந்த ‘ஸ்பிளட்டூன்’ சாய்த்துக் குறிபார்ப்பதையே தொடக்க அமைப்பாக வைத்தது. வேண்டாதவர் அணைத்துக்கொள்ளவும் விட்டது. படைப்பாளி தம் விருப்பத்தைச் சொல்ல அது போதும். போட்டியில் சமநிலை வேண்டும் எனில், நடத்துவோர் எல்லோருக்கும் ஒரே வகைக் கருவியைத் தரட்டும். தெரிவைப் பறிக்க வேண்டியதில்லை.

இந்நகரில் விளையாட்டுகள் ஆடப்படுவதோடு ஆக்கப்படவும் செய்கின்றன. 2020இல் முதலில் ஸ்விட்சில் வெளியான ‘ராஜி’யை உருவாக்கிய நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் புனே நிறுவனமே. இங்கிருந்து எழுதும் ஆய்வாளர்களுக்குக் கருவியைக் காணாததுபோல் கடந்துபோக நியாயமில்லை. ‘உடல்சார் அனுபவம்’ பற்றிய ஒவ்வொரு கட்டுரையும் தன் ஆய்வுமுறைப் பகுதியில் நான்கு செய்திகளைத் தர வேண்டும்: பங்கேற்றோர் கையில் இருந்த கருவி எது, அதன் விலை என்ன, அசைவுக் கட்டுப்பாட்டை அணைக்க முடிந்ததா, அதனால் பங்கேற்க இயலாமல் போனவர் யார். இவற்றைச் சொல்லாத கட்டுரை பேசுவது கட்டுரையாளரின் உடலைப் பற்றி மட்டுமே. அதை மனித உடல் என்று பொதுமைப்படுத்த அவருக்கு உரிமை இல்லை.