ஒருவகை மரம்

மதுரையில் சிலை என்பது வழி சொல்ல உதவும் ஒன்று. இந்தச் சிலையில் இடப்பக்கம் திரும்பு, அந்தச் சிலைக்கு எதிரே இறங்கு. அதே சொல்லுக்கு வில் என்றொரு பொருளும் உண்டு என்பது சங்கப் பாடல்களை ஒருமுறையேனும் புரட்டியவர்களுக்குத் தெரியும். வில் செய்யப் பயன்பட்ட மரத்திற்கும் அதுவே பெயர் என்பது உரைகளோடு படித்தவர்களுக்குத் தெரியும். அது எந்த மரம் என்று கேட்டுவிட்டாலோ உரைகளும் அகராதிகளும் ஏறக்குறைய ஒரே குரலில் பதில் சொல்கின்றன: ஒருவகை மரம்.

அந்த 'ஒருவகை'யோடுதான் எங்களுக்கு வழக்கு.

ஐங்குறுநூற்றை உ.வே.சாமிநாதையர் 1903இல் பதிப்பித்தார். சிலைமர வில்லோடு எயினர் அதன் பாலைப் பகுதியில் நடமாடுகிறார்கள். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவரிடம் மரமும் தேடியிருக்கலாமே என்று கேட்பது அறிவீனம். அவருக்குப் பின் வந்த நாம் என்ன செய்தோம் என்பதே கேள்வி. பி.எல். சாமி 1967இல் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' எழுதினார். கு. சீநிவாசனின் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. தாவரவியலையும் பாட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த உழைப்பு இவை. நாமோ அவற்றிலிருந்து பூக்களை மட்டும் பறித்துக்கொண்டோம். குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களும் வண்ணப் படங்களாக வலம் வருகின்றன. விழா மேடைகளில் அவற்றை மூச்சுவிடாமல் ஒப்பித்துக் கைதட்டல் பெறுகிறவர்கள் இருக்கிறார்கள். பூ புலவரின் சொத்து, கட்டை தச்சரின் பாடு என்று எப்போதோ பாகம் பிரித்துவிட்டோம் போலும். மன்மதன் வில் கரும்பு என்று குழந்தையும் சொல்லும். எயினன் வில் எதனால் ஆனது என்று பேராசிரியருக்கும் தெரியாது. தெரியவில்லையே என்ற உறுத்தலும் இல்லை.

இதை ஓர் இலக்கியக் கூட்டத்தில் எழுப்பியபோது, 'கவிதையை ரசிக்க மரத்தின் பெயர் எதற்கு?' என்று கேட்டார் ஒரு நண்பர். நியாயமான கேள்வி போலத் தோன்றும். ஆனால் 'ஒருவகை மர'த்தில் வில் செய்ய முடியாது. நாணை இழுக்கும்போது வில்லின் வெளிமுகம் நீள முயல்கிறது, வீரனை நோக்கிய உள்முகம் நசுங்குகிறது. இரண்டையும் தாங்கி, விட்டவுடன் பழைய நிலைக்குத் துள்ளி மீள்கிற மரங்கள் சிலவே. தொல்காப்பியர் மரபியலில் வெளிப்புறத்தில் காழ், அதாவது வைரம், உடையவற்றைப் புல் என்றும் உள்ளே காழ் உடையவற்றை மரம் என்றும் பிரித்தாரே, அதை இலக்கண விநோதமாக மட்டுமே நமக்குக் கற்பித்தார்கள். வில் செய்பவனுக்கு அது முதல் பாடம். மூங்கில் புல், அதன் வலு புறத்தோலில் இருக்கிறது, ஆகவே தோலைச் சீவாமல் வெளிமுகமாக வைக்க வேண்டும். மரத்தில் வைரம் உள்ளே. வெளிறை வெளிமுகத்திலும் வைரத்தை உள்முகத்திலும் நிறுத்தினால் சில மரங்களில் ஒன்று இழுவையையும் மற்றது அழுத்தத்தையும் ஏற்கும். ஆங்கிலேயரின் யூ மர நெடுவில்லின் இரகசியம் இதுவே. 1545இல் மூழ்கி 1982இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் 130க்கு மேற்பட்ட விற்கள் கிடைத்தன. என்ன மரம் என்பதில் அங்கே யாருக்கும் மயக்கமில்லை.

பிற மொழிகள் மரத்தை இப்படித் தொலைக்கவில்லை. வட அமெரிக்கப் பழங்குடிகள் வில் செய்த மரத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 'வில்மரம்' என்றே தம் மொழியில் அழைத்தார்கள். அந்த மரம் இன்றும் காட்டத்தக்கது. அவ்வளவு தூரம் போவானேன். நீலகிரித் தோடர்களிடம் கருவுற்ற மனைவிக்குக் கணவன் வில்லும் அம்பும் தரும் சடங்கு உண்டு. பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தகப்பன் யார் என்பதை நிறுவுவது அந்த வில். எய்வதற்கான வில்லல்ல, சிறு கழியை வளைத்துக் கட்டிய அடையாள வில்தான். ஆயினும் கழி இன்ன செடியினுடையது, அம்பு இன்ன புல் என்று விதி இருக்கிறது. 1906இல் வெளியான தம் நூலில் ரிவர்ஸ் அவற்றைத் தாவரப் பெயரோடு குறித்திருக்கிறார். வில்லுக்கானது சோபோரா இனத்துச் செடி. எழுத்தில்லாத மொழிக்காரர்கள் பெயரைக் காப்பாற்றினார்கள். 1901 முதல் தமிழ்ச் சங்கம் இயங்கும் ஊரில் உட்கார்ந்திருக்கும் நாம் 'ஒருவகை' என்கிறோம்.

பேசிக்கொண்டிருப்பதை விட்டுச் செய்து பார்ப்போம் என்று எங்களில் சிலர் இறங்கினோம். உசிலை என்பதற்குள் சிலை ஒளிந்திருக்கிறது, ஆகவே அதுவே இது என்று உறுதியாகச் சொன்னவர்கள் உண்டு. உசிலம்பட்டிக்குப் பெயர் தந்த மரம்; இன்று நகரத்தார் அதை அரப்புப் பொடியாக மட்டுமே அறிவார்கள். எழுத்து ஒற்றுமையை வைத்து மரத்தை அடையாளம் காண்பது எங்களுக்கு உவப்பில்லை. ஆயினும் மரம் கைக்கு எட்டியது. மேலூர்ப் பக்கம் ஒரு நண்பரின் வரப்பு உசிலையில் கழித்த கிளையை வாங்கி, நேர்கோடு போட்டு அறுத்து, ஒரு மாதம்கூடப் பொறுக்காமல் நாண் ஏற்றினோம். பாதி இழுப்பில் வெடித்துத் தெறித்தது. கலப்பை செய்து ஓய்ந்த முதிய ஆசாரியார் ஒருவர் துண்டுகளைத் திருப்பிப் பார்த்தார். "எழை எங்க ஓடுதோ அங்கதான் உளி போகணும் தம்பி. நீங்க கோடு போட்டுட்டு மரத்த அதுக்குள்ள இழுத்துருக்கீக" என்றார்.

இரண்டாவது கம்பை அவரே ஆப்பு வைத்துப் பிளந்தார். வெட்டுவாய்களில் சாணி பூசி ஐந்து மாதம் பரணில் போட்டோம். வெளிறு வெண்மையாக வெளியே, கருஞ்சிவப்பு வைரம் உள்ளே. உடையவில்லை. அம்பு அறுபது அடியெடுப்பு தூரம் போயிற்று. ஆனால் நாணை அவிழ்த்த பின்னும் வில் வளைந்தே நின்றது. வண்டிக்கும் கலப்பைக்கும் இது போதும், துள்ளலுக்கு ஆகாது என்பது ஆசாரியாரின் தீர்ப்பு. ஒரே வில்லை வைத்து உசிலையைத் தள்ளிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். எனினும் அந்த அரைமணிப் பேச்சில் கிடைத்த அளவு எந்த உரையிலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவரிடம் எந்தத் தமிழ்த்துறை மாணவரும் இதுவரை வந்ததில்லை. எழுபதைத் தாண்டியவர் அவர். மகன் அலுமினியக் கதவு பொருத்துகிறார்.

துள்ளல் என்றதும் அவர் சொன்ன பெயர் சடச்சி. மேற்கு மலைக்காடுகளில் வளர்வது. கோடாரிக் காம்புக்கும் பாரம் சுமக்கும் காவடித்தண்டுக்கும் தேடி வாங்கிய மரம். வடமொழியில் இதன் பெயர் தன்வனம். தன்வம் என்றால் வில். சடச்சியே சிலை என்று நாங்கள் முடிவு கட்டவில்லை. விசாரணையை எங்கே தொடங்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல தடயம் இருந்தால் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறோம். மதுரை மரக்கடைகளில் கேட்டோம். மலேசியாவிலிருந்து வந்த பலகையைக் காட்டினார்கள். காப்புக்காட்டில் கை வைக்கக் கூடாது, வைக்கவும் மாட்டோம். தேனிக்கு மேற்கே ஒருவர் தம் தாத்தா காலத்துக் காவடித்தண்டு ஒன்று மாட்டுக்கொட்டகையில் கிடப்பதாகச் சொல்லியிருக்கிறார். அது சடச்சிதானா என்று பார்க்க ஆசாரியாரையும் அழைத்துக்கொண்டு போகிறோம். அவருக்கு முழங்கால் வலி. பேருந்து வேண்டாம், கார் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறோம்.