லிஃப்டுக்கும் ஒரு கே.ஒய்.சி. வேண்டும்

மும்பைவாசியின் தினசரி வாழ்க்கையில் லோக்கல் ரயிலுக்கு அடுத்த இடம் லிஃப்டுக்குத்தான். ரயிலைப் பற்றி எல்லோரும் எழுதித் தள்ளியாயிற்று. லிஃப்டை யாரும் கண்டுகொள்வதில்லை. நானும் கண்டுகொள்ளாதவன்தான். ஆனால் "பேங்க்காரர்தானே, கணக்கு வழக்கை நீங்களே பாருங்க" என்று எங்கள் சொசைட்டியில் பொருளாளர் பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள். லிஃப்ட் கோப்பும் கூடவே வந்தது. அதைப் புரட்டியதில் கிடைத்த ஞானம்தான் இந்தப் பதிவு. நான் பி.காம்., இன்ஜினீயர் அல்ல. அதனால் விஷயத்தைக் கணக்குப்பிள்ளை கண்ணோடுதான் பார்க்க முடியும்.

முதலில் நல்ல செய்தி. நம்ம பி.ஐ.எஸ். 2022-இல் லிஃப்டுகளுக்காக ஐ.எஸ். 17900 என்ற புதிய தரநிலையை வெளியிட்டது. 2019-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 8100 என்ற உலகத் தரநிலைதான் அதற்கு அடிப்படை. ஐ.எஸ்.ஓ. 8100-க்கு மூலம், ஐரோப்பாவில் 2014-இல் வெளியான இ.என். 81-20, 81-50. ஆக, ஜெர்மனியில் லிஃப்டில் ஏறுபவருக்கும் தாணேயில் ஏறுபவருக்கும் ஏறக்குறைய ஒரே பாதுகாப்பு என்று காகிதத்திலாவது ஆகிவிட்டது.

"வெள்ளைக்காரன் எழுதினதை நாம ஏன் சார் காப்பி அடிக்கணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. விபத்து எந்த ஊரில் நடந்தாலும் பாடம் எல்லோருக்கும் பொது என்பதுதான் என் பதில். 2006 ஜூனில் டோக்கியோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 16 வயதுப் பள்ளி மாணவன் லிஃப்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தான். கதவு திறந்திருக்கும்போதே பெட்டி மேலே கிளம்பிவிட்டது. பையன் நசுங்கி இறந்தான். அதன்பிறகு ஜப்பான் விதியை மாற்றியது. கதவு திறந்த நிலையில் பெட்டி தானாக நகர்ந்தால் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு, 2009 முதல் அங்கே புதிய லிஃப்டுகளுக்குக் கட்டாயம். அதே 2009-இல் ஐரோப்பியத் தரநிலையிலும் இந்த ஏற்பாடு ஏறியது. இப்போது நாம் எடுத்துக்கொண்ட ஐ.எஸ்.ஓ. தரநிலையிலும் இருக்கிறது. அந்தப் பாடத்தைப் படிக்க நாம் இங்கே இன்னொரு பிள்ளையைப் பறிகொடுக்க வேண்டியதில்லை.

வங்கியில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது, பாசெல் விதிமுறைகள். பாசெல் குழு சொல்வது எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ரிசர்வ் வங்கி 1992-இல் அதைக் கையில் எடுத்துப் படிப்படியாக எங்கள் தலையில் ஏற்றியது. அதுவும் அப்படியே காப்பி அல்ல. குறைந்தபட்ச மூலதனம் 8 சதவீதம் என்று பாசெல் சொன்னது, நாம் 9 வைத்துக்கொண்டோம். ஒத்துப்போவது வேறு, காப்பி அடிப்பது வேறு. மழைக்காலத்தில் லிஃப்ட் குழியில் தண்ணீர் நிற்கும் ஊர் இது. நினைத்த நேரத்தில் கரண்ட் போகும் ஊர்களும் உண்டு. அதற்கேற்ப நம் விதியை இன்னும் கடுமையாக்கினால் யாரும் கேட்கப்போவதில்லை.

இனி சிக்கலுக்கு வருகிறேன். பி.ஐ.எஸ். ஒரு தரநிலையை வெளியிட்டதாலேயே அது சட்டமாகிவிடாது. சட்டமோ விதியோ அதைச் சுட்டிச் சொன்னால்தான் கட்டாயம். லிஃப்ட் சட்டமோ மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மும்பையில் வெகுகாலம் ஆண்டது 1939-ஆம் வருட பம்பாய் லிஃப்ட் சட்டம். அதன் இடத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. மேற்கு வங்கத்துக்கு 1955, கர்நாடகத்துக்கு 1974, நம்ம தமிழ்நாட்டுக்கு 1997. நொய்டாவில் வானத்தைத் தொடும் அடுக்ககங்களைக் கட்டிவிட்டு, உத்தரப் பிரதேசம் தனிச் சட்டம் போட்டது 2024-இல்தான்!

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. புதிய தரநிலை புதிய லிஃப்டுக்குத்தான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்டுகள் எந்தக் காலத்து விதிப்படி போடப்பட்டனவோ, அந்தக் காலத்திலேயே நின்றுவிடுகின்றன. மும்பையின் பழைய கட்டடங்களில் இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு லிஃப்டுகளை இன்றும் பார்க்கலாம். 2020-இல் தாராவியில் ஐந்து வயதுக் குழந்தை, லிஃப்டின் வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே சிக்கி இறந்துபோனது. இதைச் சொன்னால் எங்கள் மூன்றாவது மாடிப் பெரியவர், "முப்பது வருஷமா ஓடுது சாப், ஒண்ணும் ஆகல" என்கிறார். முப்பது வருடம் ஒழுங்காக வட்டி கட்டிய கணக்கும் ஒருநாள் வாராக்கடன் ஆவதை நான் பார்த்திருக்கிறேன்.

வங்கியில் 1985-இல் கணக்கு ஆரம்பித்தவரை, "நீங்க பழைய ஆள், உங்களுக்கு கே.ஒய்.சி. வேண்டாம்" என்று விட்டுவிடுகிறோமா? அபாயம் அதிகமுள்ள கணக்குக்கு 2 வருடத்துக்கு ஒருமுறை, நடுத்தரத்துக்கு 8, குறைவானதுக்கு 10 என்று மறுபடி மறுபடி காகிதம் கேட்கிறோம். வாடிக்கையாளர் திட்டுகிறார், கேட்டுக்கொள்கிறோம். ஆள் ஏறி இறங்கும் இயந்திரத்துக்கு மட்டும் ஏன் இந்த நியாயம் கிடையாது?

பிரான்ஸ் இதைச் செய்து பார்த்திருக்கிறது. 2003-இல் ஒரு சட்டம் போட்டு, பழைய லிஃப்டுகளையெல்லாம் மூன்று கட்டமாக 15 வருடத்தில் மேம்படுத்தச் சொன்னார்கள். செலவைக் கண்டு கூச்சல் வந்தது, முதல் கெடுவைத் தள்ளியும் வைத்தார்கள். ஆனால் கைவிடவில்லை. பழைய லிஃப்டில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பதற்கு ஐரோப்பாவில் இ.என். 81-80 என்று தனிப் பட்டியலே இருக்கிறது.

"பணம்?" என்பீர்கள். நியாயமான கேள்வி, பொருளாளரிடம் கேட்க வேண்டியதும்கூட. மகாராஷ்டிர மாதிரி துணைவிதிகளின்படி மூழ்கு நிதிக்கு, அதாவது சிங்கிங் ஃபண்டுக்கு, ஒவ்வொரு ஃபிளாட்டும் வருடத்துக்குக் குறைந்தது கட்டுமானச் செலவில் 0.25 சதவீதம் தர வேண்டும். எந்தக் காலத்துக் கட்டுமானச் செலவு? கட்டியபோது ஆன செலவு! ஃபிளாட்டுக்கு 1 லட்சம் செலவான அந்தக்காலக் கட்டடத்தில் 20 ஃபிளாட் இருந்தால், வருடத்துக்கு மொத்தமே 5,000 ரூபாய். அதுவும் லிஃப்டுக்கு மட்டுமல்ல, கட்டடத்துக்கே. விலைவாசி ஏற நிதி அங்கேயே நிற்கிறது. பொதுக்குழு நினைத்தால் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் நம்ம பொதுக்குழுவில் தரைத்தளத்துக்காரர் "நான் லிஃப்டில் ஏறுவதே இல்லை" என்று ஆரம்பிப்பார், கூட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

என் யோசனை மூன்றே வரி. ஒன்று, எல்லா மாநிலச் சட்டமும் ஐ.எஸ். 17900-ஐப் பெயர் சொல்லிக் கட்டாயமாக்கட்டும். இரண்டு, பழைய லிஃப்டை அபாய வாரியாகப் பிரித்து, கம்பிக் கதவில் ஆரம்பித்துக் கெடு வைக்கட்டும். மூன்று, லிஃப்டுக்கென்று தனி நிதி, அதை இன்றைய விலையில் கணக்கிட்டு மாதாமாதம் வசூலிக்கட்டும். ஒரே அடியாக லட்சக்கணக்கில் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். ஈ.எம்.ஐ. போலக் கேட்டால் முனகிக்கொண்டாவது தருவார்கள். இது இருபது வருடத்துக்கும் மேலான வங்கி அனுபவம் சொல்வது.

அடுத்த முறை உங்கள் சொசைட்டிக் கூட்டத்தில் பெயிண்ட் கலரைப் பற்றிச் சண்டை வரும்போது, நடுவில் எழுந்து ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "நம்ம லிஃப்ட் எந்த வருஷத்து விதிப்படி ஓடுது?"

டிஸ்கி: எங்கள் லிஃப்டின் கம்பிக் கதவை மாற்றுவது பற்றிய தீர்மானம் வரும் பொதுக்குழுவுக்குப் போகிறது. தரைத்தளத்துக்காரர் இப்போதே முறைக்க ஆரம்பித்துவிட்டார். முடிவைப் பிறகு எழுதுகிறேன்.