ராணுவச் செலவும் மண்ணெண்ணெய் விளக்கும்

மத்திய சர்க்காரின் வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்தில் வைக்கப்படும்போதெல்லாம், ராணுவத்துக்கு இவ்வளவு பணம் ஏன் என்று ஒரு சாரார் கேட்பதும், எல்லை காக்கப்படாவிடில் வயலேது, தறியேது என்று மறு சாரார் விடையிறுப்பதும் வழக்கமாகிவிட்டன. இரு சாராரும் தொகையைப் பற்றியே வாதாடுகின்றனர். அத்தொகை யாரிடமிருந்து, எம்முறையில் திரட்டப்படுகிறது என்பதே கூட்டுறவாளராகிய நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி என்பது நமது கருத்து.

இதற்கு 1963-ஆம் ஆண்டைவிடத் தெளிவான சான்று இல்லை. 1962 இறுதியில் சீனாவுடன் நேர்ந்த போரை அடுத்து, 1963 பிப்ரவரியில் நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் சமர்ப்பித்த திட்டம் பாதுகாப்புக்கென 867 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. போருக்கு முந்திய திட்டத்தைப்போல் இரு மடங்குக்கும் அதிகமான தொகை அது. அதனை அன்று ஆட்சேபித்தோர் சிலரே. சில மாதங்களுக்கு முன்னர்தான் தேசியப் பாதுகாப்பு நிதிக்கென நம் பெண்மக்கள் கைவளையல்களைக் கழற்றித் தந்திருந்தனர். கொடுக்க மனமற்ற மக்கள் அல்லர் அவர்கள். ஆயினும், ஆறு மாதம் செல்வதற்குள் நாடெங்கும் கசப்பு மிகுந்தது.

காரணம், வரி விழுந்த இடம். மண்ணெண்ணெய் மீதான எக்சைஸ் வரி உயர்த்தப்பட்டது. மின்சாரம் எட்டாத ஊர்களில் விளக்கடியில் அமர்ந்து தார் சுற்றிய நெசவாளர் வீட்டுப் பெண்ணும் அவ்வரியைச் செலுத்தினாள். ஆலை முதலாளியின் மாளிகையில் மண்ணெண்ணெய் விளக்கு எரியவில்லை. கம்பெனிகளின் மிகை இலாபத்துக்கும் அவ்வாண்டில் வரி போட்டார்கள் என்பது உண்மையே. எனினும் அது மறு ஆண்டிலேயே வேறு உருவம் பெற்றது. பெரியோர் முறையிட்டால் செவிசாய்ப்பது எந்த சர்க்காருக்கும் இயல்பு போலும்!

அத்துடன் கட்டாய வைப்புத் திட்டமும் வந்தது. நிலவரி செலுத்தும் சிறு விவசாயியும் ஒரு தொகையைச் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும்; சில ஆண்டுகள் கழித்து வட்டியுடன் திரும்பக் கிடைக்கும். இது வரியன்று, சேமிப்பே என்று விளக்கம் கூறப்பட்டது. நம் நெசவாளர் சங்கங்களிலும் கூலியிலிருந்து சிக்கன நிதிக்குப் பிடித்தம் செய்கிறோம். அதனை யாரும் வெறுப்பதில்லை. ஏனெனில் அங்கத்தினர் கையில் பாஸ் புத்தகம் இருக்கிறது. சங்கத்துப் பேரேட்டில் அவர் பெயருக்கு ஒரு பக்கம் இருக்கிறது. இடர் நேர்ந்தால் கடன் கேட்க அலுவலகக் கதவு அண்மையில் இருக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் வைத்திருந்த பணத்தைத் தொலைவிலுள்ள கஜானாவுக்கு அனுப்புவது அவ்விதமன்று. எண்ணற்ற சிறு கணக்குகளைப் பராமரிக்கும் செலவையும் திட்டம் வகுத்தோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டில் ஆச்சாரிய கிருபளானி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானமே சுதந்திர இந்தியாவில் முதலாவது. அது 62-க்கு எதிராக 347 வாக்குகளால் தோற்றது. சர்க்கார் பிழைத்தது; கட்டாய வைப்பு பிழைக்கவில்லை. புதிய நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி, வருமான வரி செலுத்தாதோரை அதினின்று அவ்வாண்டே விடுவித்தார்.

இதற்கு மாறாக, 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தை நோக்குக. ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று தம்பிடி, அதாவது காலணா, கூடுதல் வரி விதித்து, அதனைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்குச் செலவிட்டனர். யார் செலுத்துகிறார், எதற்குச் செல்கிறது என்பதை எழுத்தறியாத நெசவாளரும் சொல்லக்கூடியதாயிருந்தது.

இனி, இக்காலத்துக்கு வருவோம். 2025-26 திட்ட மதிப்பீட்டில் மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி. நூற்றுக்குப் பதின்மூன்று ரூபாய்க்குச் சற்று மேல். அதிலும் ஏறத்தாழ 1.61 லட்சம் கோடி ஓய்வூதியம். அது பீரங்கிக்கன்று, படையிலிருந்து வீடு திரும்பியோர் குடும்பத்துக்குச் செல்வது. ஆனால் பழைய கடன்களின் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி! ராணுவத்தைக் குறைத்தால் யாவும் சீராகும் என்போர் இவ்வரியைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். வருங்கால வட்டிக்குக் கையெழுத்திடுவதைவிட, இன்றைக்கு வேண்டியதை இன்றைய வரியால், செலுத்த வல்லவரிடம் பெறுவதே நாணயமான வழி.

நடப்பதோ வேறு. நாம் வாங்கும் பருத்தி நூலுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் சரக்கு சேவை வரி. உழவு யந்திரத்துக்கு ஊற்றும் டீசலுக்குத் தனி எக்சைஸ் வரி. டீசலில் மேல்வரி என்ற பெயரால் பெறப்படும் பகுதியில் மாநிலங்களுக்குப் பங்கும் கிடையாது. 2025 டிசம்பரில் பொதுச் சுகாதாரத்துக்கும் தேசப் பாதுகாப்புக்குமெனப் பான் மசாலாத் தயாரிப்பின்மீது ஒரு மேல்வரிச் சட்டம் நிறைவேறிற்று. புகையிலைப் பாக்குக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை; ஆயினும் பாதுகாப்பின் பெயரால் வசூலித்த தொகை எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று என்ற தனிக்கணக்கு ஆண்டுதோறும் தமிழில் நம் கைக்கு வந்தாக வேண்டும்.

அவ்வாறு கேட்குமுன் நம் கணக்கும் ஒழுங்காக இருத்தல் அவசியம். நூல் கொள்முதல் என்று ஒரே தொகையாக எழுதி, வரியை அதனுள் மறைத்துவிடும் சங்கங்கள் இன்னும் உள்ளன. வரும் மகாசபைக் கூட்டத்துக்கு முன்னரேனும், ஆண்டு முழுதும் நூல், சாயம், உரம் ஆகியவற்றின்மீது செலுத்திய வரியைத் தனிக்கலத்தில் கூட்டி, அங்கத்தினர் முன் காரியதரிசிகள் வாசிப்பார்களாக.