நிலத் தகராறும் குத்தகை உழவரும்

நிலம் யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போகிறார்கள். அல்லது, கிரயம் வாங்கிவிட்டதாகப் புதிதாக ஒருவர் வந்து நிற்கிறார். நடவு முடித்து நிற்கும் குத்தகைதாரருக்கோ இரு பக்கமிருந்தும் நெருக்கடி. அவர் எந்தக் கோர்ட்டை நாடுவது?

இங்கே இரண்டு கேள்விகள் உள்ளன. நிலம் யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று. இதைத் தீர்ப்பது சிவில் கோர்ட். பட்டாவில் பெயர் மாற்றும் தாசில்தார்கூட உரிமையைத் தீர்ப்பவர் அல்லர். உழுபவரை வெளியேற்றலாமா என்பது மற்றொன்று. இதை 1955-ஆம் ஆண்டின் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் ஆர்.டி.ஓ.விடம் ஒப்படைத்துள்ளது. சுவாதீனம் கேட்டோ, தடை உத்தரவு கேட்டோ சிவில் கோர்ட்டில் வழக்கு வந்தாலும், பிரதிவாதி பயிரிடும் குத்தகைதாரர் என்று நிரூபணமானால், கோர்ட் அதை ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 6-ஏ பிரிவு. ஆனால் அதைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்ல வேண்டியவர் குத்தகைதாரரே. சம்மனை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் பலனில்லை.

எந்த ஆர்.டி.ஓ. என்பது நிலம் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. அரக்கோணம், நெமிலி வட்டங்களுக்கு அரக்கோணம். திருத்தணி வட்டத்துக்குத் திருத்தணி. எல்லைக்கு அப்பால் நகரிப் பக்கம் நிலம் என்றால் ஆந்திரச் சட்டமே செல்லும்.

வாய்மொழிக் குத்தகைக்கும் பாதுகாப்பு உண்டு. சொந்த உடலுழைப்போ குடும்பத்தாரின் உழைப்போ இருந்தால் போதும். ஆனால் சாட்சியம் வேண்டுமே! 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி தாசில்தாரிடம் குத்தகை உரிமையைப் பதிவு செய்துகொள்ளலாம். அப்பதிவு குறித்த விஷயங்களில் சிவில் கோர்ட் தலையிட முடியாது என்று 1980-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது.

பெரிய ஆபத்து ஒன்று உண்டு. குத்தகை பாக்கி வெளியேற்றத்துக்குக் காரணமாவதுபோல, நிலச் சொந்தக்காரரின் உரிமையை வேண்டுமென்றே மறுப்பதும் காரணமாகும். "நிலம் உன்னுடையதே அல்ல" என்று கோபத்தில் எழுதிக் கொடுத்தால், சட்டம் தந்த கேடயத்தை உழவரே கீழே போட்டவராவார். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாவிட்டால் குத்தகையை நிறுத்தாமல், உரிய காலத்தில் ஆர்.டி.ஓ.விடம் கட்டி ரசீது பெறுவதே புத்திசாலித்தனம்.

சட்டமும் சற்று மாற வேண்டும். நகரத்து வீடுகளுக்கான 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில், குடியிருப்பவரின் மறுப்பு நேர்மையானதா என்று முதலில் பார்த்து, நேர்மையானதென்றால் வீட்டுக்காரரை சிவில் கோர்ட்டுக்கு அனுப்பும் முறை இருந்தது. 2019-இல் அச்சட்டம் போய் வேறு சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்த முறை நியாயமானது. இரண்டு சொந்தக்காரர்களுக்கு நடுவே தவிக்கும் உழவரின் நேர்மையான சந்தேகத்தை மறுப்பு என்று கொள்ளலாகாது.

தஞ்சாவூர், மன்னார்குடி போன்ற ஊர்களில் குத்தகை வழக்குகளுக்கென்றே வருவாய் கோர்ட்டுகள் அமைக்கப்பட்டன. வட மாவட்டங்களில் ஆர்.டி.ஓ. நூறு வேலைகளுக்கு நடுவே இதையும் கவனிக்க வேண்டும். வழக்கு வாய்தா கேட்கலாம். பயிர் வாய்தா கேட்காது. இங்கும் தனி அதிகாரி வேண்டும் என்று உழவர்கள் கேட்பதில் தவறில்லை.

அதுவரை, தகராறு முற்றிய பிறகு வக்கீலைத் தேடி ஓடுவதைவிட, இப்போதே தாலுகா ஆபீசுக்குப் போய்க் குத்தகையைப் பதிவு செய்துவிட்டு வருவது மேல்.